ஒரு கைபேசி, பல கருவிகள்: ஹாட்ஸ்பாட் குறித்த வாசகர் கேள்வி-பதில்

கைபேசியில் வரும் இணைய இணைப்பை மடிக்கணினி, மேசைக் கணினி, வீட்டிலுள்ள மற்றவர்களின் கைபேசி ஆகியவற்றோடு பகிர்ந்துகொள்ளும் ஹாட்ஸ்பாட் வசதி தொடர்பாக மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் விடை எழுதியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயரை விடுத்து, ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: ஐயா, நான் நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டத்தில் ரீசார்ஜ் செய்கிறேன். கைபேசியில் மட்டும் பயன்படுத்தினால் இரவு வரை தாராளமாகப் போதுகிறது. கல்லூரிப் பாட வேலைக்காக மடிக்கணினியை ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிட்டாலோ, சிறிது நேரத்திலேயே டேட்டா தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. நான் திறந்து பார்ப்பது ஓரிரு இணையப் பக்கங்கள்தான். வேறு யாராவது என் இணைப்பைத் திருடுகிறார்களா?
*– கல்லூரி மாணவி, உசிலம்பட்டி*

பதில்: திருட்டு நடக்க வாய்ப்பு இருக்கிறது என்றாலும், முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் மடிக்கணினியைத்தான். ஹாட்ஸ்பாட்டை இயக்கியதும் உங்கள் கைபேசி ஒரு சிறிய ரவுட்டராக மாறிவிடுகிறது. மடிக்கணினியோ தனக்குக் கிடைத்திருப்பது வீட்டில் இருக்கும் பிராட்பேண்ட் போன்ற வைஃபை இணைப்பு என்றே எடுத்துக்கொள்கிறது. அந்த நினைப்பில், அதுவரை இணையம் இல்லாமல் தள்ளிப்போட்டு வைத்திருந்த வேலைகளையெல்லாம் ஒரே மூச்சில் தொடங்கிவிடுகிறது. விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை இறக்குகிறது, வைரஸ் தடுப்பு மென்பொருள் தன் பட்டியலைப் புதுப்பிக்கிறது, ஒன்டிரைவ் போன்ற சேமிப்புச் செயலிகள் உங்கள் படங்களையும் கோப்புகளையும் மேலே ஏற்றுகின்றன. இவற்றில் எதுவும் உங்கள் திரையில் தெரிவதில்லை. விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்றே பல ஜிபி அளவுக்கு இருக்கும் என்பதால், உங்கள் 2 ஜிபி அதற்கே பற்றாது.

இதற்குத் தீர்வு கணினிக்குள்ளேயே இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருக்கும்போது விண்டோஸின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ என்பதைத் திறந்து, வைஃபை பிரிவில் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயருக்குரிய பக்கத்துக்குச் சென்றால் ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ என்றொரு பொத்தான் இருக்கும். அதை இயக்கிவிட்டால், இது அளவோடு செலவழிக்க வேண்டிய இணைப்பு என்பதை விண்டோஸ் புரிந்துகொண்டு, பெரும்பாலான புதுப்பிப்புகளை நிறுத்தி வைக்கும். ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை இது. தினசரி அளவு போதவில்லை என்று கூடுதல் டேட்டாவுக்குப் பணம் கட்டுபவர்களில் பலருக்கு இந்த ஒரு பொத்தானைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இந்த அமைப்பை விண்டோஸ் ஒவ்வொரு ஹாட்ஸ்பாட் பெயருக்கும் தனித்தனியாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே ஹாட்ஸ்பாட்டின் பெயரை நீங்கள் மாற்றினாலோ, தோழியின் கைபேசியிலிருந்து இணைப்பைப் பெற்றாலோ அதற்கும் ஒருமுறை இதே மாற்றத்தைச் செய்துகொள்ள வேண்டும்.

மடிக்கணினிக்குப் பதிலாக இன்னொரு கைபேசியை இணைக்கும்போதும் இதே சிக்கல் வருகிறது. ‘வைஃபை கிடைக்கும்போது மட்டும்’ படங்களை ஏற்றவும் செயலிகளைப் புதுப்பிக்கவும் நாம் அமைத்து வைத்திருப்பதால், ஹாட்ஸ்பாட் கிடைத்ததும் அந்தக் கைபேசியும் அதை வைஃபை என்றே எண்ணி வேலையைத் தொடங்கிவிடலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அந்த வைஃபை இணைப்பின் விவரப் பக்கத்தில் ‘மீட்டர்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஐஃபோனில் அதே இடத்தில் ‘லோ டேட்டா மோட்’ இருக்கிறது.

இவ்வளவு செய்தும் டேட்டா குறைந்துகொண்டே போனால், உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கருவி ஏதேனும் இருந்தால் உடனே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். தினசரி அளவு தீர்ந்த பின் பெரும்பாலான திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைக்கப்படுகிறது. அந்த வேகத்தில் 1 எம்பி அளவுள்ள ஒரு கோப்பு வந்து சேரவே ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும் என்பதால், மறுநாள் சமர்ப்பிக்க வேண்டிய பாட வேலை உள்ள நாளில் காலையிலேயே கணக்குப் பார்த்துச் செலவழிப்பது நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினி பழையது. அதில் வைஃபை வசதி இல்லை. ஓய்வூதியம் தொடர்பான வேலைகளைப் பெரிய திரையில் பார்த்துச் செய்ய விரும்புகிறேன். கைபேசியின் இணையத்தை இந்தக் கணினிக்குக் கொண்டுவர முடியுமா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்*

பதில்: முடியும் ஐயா. அதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. கைபேசியைச் சார்ஜ் செய்யும் யூஎஸ்பி கேபிளின் ஒரு முனையைக் கணினியிலும் மறுமுனையைக் கைபேசியிலும் செருகுங்கள். பிறகு கைபேசியின் அமைப்புகளில் ‘ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்’ பகுதியைத் திறந்து ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். கேபிளைச் செருகிய பிறகுதான் அந்தப் பொத்தான் உயிர் பெறும். அதுவரை மங்கலாகவே தெரியும். சில நொடிகளில் கணினியின் கீழ்மூலையில் இணையம் வந்துவிட்டதற்கான குறி தோன்றும். விண்டோஸ் கணினி இதை ஒரு ஈதர்நெட் இணைப்பாகவே காட்டும் என்பதால் குழம்ப வேண்டாம். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன ‘மீட்டர்ட்’ மாற்றத்தை இந்த ஈதர்நெட் இணைப்புக்கும் தனியே செய்துவிடுங்கள்.

கேபிளைச் செருகிய பின்னும் பொத்தான் மங்கலாகவே இருந்தால், கைபேசியில் குறை இருப்பதாக முடிவு செய்து கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். மலிவு விலையில் விற்கப்படும் சில கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டும் இருக்கும். தகவல் போகும் கம்பிகள் இருக்காது. அவை சார்ஜ் மட்டுமே செய்யும். கைபேசியோடு பெட்டியில் வந்த கேபிளை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கேபிள் வழியை நான் முதியவர்களுக்கு விரும்பிப் பரிந்துரைப்பதற்குக் காரணங்கள் உண்டு. கடவுச்சொல் தேவையில்லை, அக்கம்பக்கத்தார் நுழைய வழியில்லை, கணினியிலிருந்து மின்சாரம் வருவதால் கைபேசியின் சார்ஜ் சட்டென்று இறங்குவதில்லை, கேபிளைப் பிடுங்கினால் இணைப்பும் நின்றுவிடும். பலருக்குத் தெரியாத இன்னொரு பயனும் இதில் இருக்கிறது. உங்கள் வீட்டிலேயே பிராட்பேண்ட் வைஃபை இருந்து, மேசைக் கணினிக்கு மட்டும் அதைப் பெறும் வசதி இல்லையென்றால், ஆண்ட்ராய்டு கைபேசியை அந்த வைஃபையில் இணைத்துவிட்டு யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், கைபேசி அந்த வைஃபையையே கணினிக்குக் கடத்தும். சிம் கார்டின் டேட்டா செலவாகாது.

புளூடூத் மூலமாகவும் பகிரலாம். பேட்டரி குறைவாகவே செலவாகும் என்றாலும், வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு மெகாபிட்டைத் தாண்டுவது அரிது. மின்னஞ்சல் பார்க்கவும் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பவும் அது போதும், காணொளிக்கு உதவாது.

கேள்வி: புதிதாக வாங்கிய 5ஜி கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கினால், என் பழைய மடிக்கணினியில் அதன் பெயரே தெரிவதில்லை. தம்பியின் புதிய மடிக்கணினியில் தெரிகிறது. பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?
*– கணக்கர், திருமங்கலம்*

பதில்: வேண்டவே வேண்டாம். வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். புதிய கைபேசிகள் வேகத்துக்காக 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது உண்டு. பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும் என்பதால், பக்கத்திலேயே இருந்தாலும் அவற்றின் பட்டியலில் உங்கள் ஹாட்ஸ்பாட் வராது. இந்த 5 கிகாஹெர்ட்ஸுக்கும் 5ஜி சேவைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வருகிறது. ஹாட்ஸ்பாட் அமைப்பில் ‘பேண்ட்’ என்ற இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். சில கைபேசிகளில் இது ‘எக்ஸ்டெண்ட் கம்பாட்டிபிலிட்டி’ என்ற பெயரில் இருக்கும்.

பெயர் தெரிந்தும் இணைய மறுத்தால், பாதுகாப்பு முறை ‘டபிள்யூபிஏ3’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2018இல் வந்த அந்த முறையைப் பழைய கணினிகள் பலவற்றால் புரிந்துகொள்ள முடியாது. ‘டபிள்யூபிஏ2’ என்று மாற்றினால் இணைந்துவிடும். கடவுச்சொல்லே இல்லாத ‘ஓப்பன்’ முறைக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிச் சற்றுத் தொலைவு செல்லும். ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அதே அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொள்வதால், அடுக்குமாடிக் குடியிருப்பில் வேகம் குறையக்கூடும். ஒரே அறைக்குள் புதிய கணினியோடு வேலை செய்பவர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸே சிறந்தது.

கேள்வி: ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டா?
*– இல்லத்தரசி, அலங்காநல்லூர்*

பதில்: நம் நாட்டில் வழக்கமான ப்ரீபெய்டு திட்டங்களில் இதற்கென்று தனிக் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் அன்றாட அளவிலிருந்தே கழியும். ‘அளவில்லா 5ஜி’ என்று சொல்லப்படும் திட்டங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. கைபேசி 5ஜி சிக்னலில் இருக்கும் வரைதான் அந்தச் சலுகை செல்லும். சிக்னல் குறைந்து 4ஜிக்கு இறங்கிவிட்டால் அந்த நொடியிலிருந்து அன்றாட அளவு கரையத் தொடங்கும். தொலைக்காட்சியை ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் படம் பார்ப்பவர்கள் கைபேசியின் மேல்மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும். உயர்தரக் காணொளி ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: மலையடிவாரத்தில் எங்கள் ஊர். வீட்டுக்குள் சிக்னல் வருவதில்லை. மொட்டை மாடிக்குப் போனால் ஓரளவு கிடைக்கிறது. என் மகள் போட்டித் தேர்வுக்கு இணைய வகுப்பில் படிக்கிறாள். வெயிலில் மாடியில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. சிக்னல் பூஸ்டர் வாங்கிப் பொருத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தங்கள் ஆலோசனை தேவை.
*– விவசாயி, சாப்டூர், பேரையூர் வட்டம்*

பதில்: பூஸ்டர் யோசனையை முதலில் கைவிட்டுவிடுங்கள். உரிய அனுமதியில்லாமல் சிக்னல் பூஸ்டரை வாங்கிப் பொருத்துவது சட்டப்படி குற்றம். அது சுற்றுவட்டாரத்தில் உள்ள மற்றவர்களின் இணைப்பையும் கெடுக்கும். உங்கள் மகள் வெயிலில் உட்காரவும் தேவையில்லை. சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டியது கைபேசிதானே தவிர, படிக்கிறவர் அல்லர். ஹாட்ஸ்பாட்டின் உண்மையான பலமே உங்கள் ஊர் போன்ற இடங்களில்தான் வெளிப்படுகிறது.

கைபேசியை எங்கே வைப்பது என்பதைக் கண்ணால் கோடுகளை எண்ணி முடிவு செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் ‘அபவுட் ஃபோன்’ பகுதியில் ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்பதைத் திறந்தால் ‘சிக்னல் ஸ்ட்ரெங்த்’ என்ற இடத்தில் −98 டிபிஎம், −112 டிபிஎம் என்பது போல ஓர் எண் தெரியும். கழித்தல் குறியுள்ள எண் என்பதால், 98 என்பது 112ஐவிட வலுவான சிக்னல். −90ஐ ஒட்டி இருந்தால் நல்ல சிக்னல். −110ஐத் தாண்டிவிட்டால் காணொளி வகுப்பு தடுமாறும். இந்த எண் −98இலிருந்து −101 ஆவது போல மூன்று குறைந்தால் கைபேசிக்குக் கிடைக்கும் ஆற்றல் பாதியாகக் குறைகிறது என்று பொருள். எனவே நான்கைந்து புள்ளி வேறுபாடுகூட அலட்சியப்படுத்தத் தக்கதன்று. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி, பரண், ஒவ்வொரு ஜன்னல் என்று மெதுவாக நடந்து, ஒவ்வோர் இடத்திலும் சற்று நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலிலேயே மாடிக்கு நிகரான சிக்னல் கிடைத்துவிடுவதும் உண்டு.

அந்த இடத்தில் கைபேசியை வைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட்டை இயக்கிவிட்டு, உங்கள் மகளை அதற்குக் கீழே உள்ள அறையில் மடிக்கணினியோடு உட்காரச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் வைத்தே ஆக வேண்டும் என்றால், மாடிப்படியின் மேல் உள்ள கூரைக்கு அடியில் நிழலில் வையுங்கள். நேரடி வெயிலிலோ தகரப் பெட்டிக்குள்ளோ வைக்கக் கூடாது. தகரம் சிக்னலை மறைக்கும். வெயில் பேட்டரியைக் கெடுக்கும். ஹாட்ஸ்பாட் இயங்கும்போது கைபேசி ஒரே நேரத்தில் கோபுரத்தோடும் மடிக்கணினியோடும் பேசுவதால் இயல்பாகவே சூடாகும். சிக்னல் பலவீனமான இடத்தில் கோபுரத்தை எட்டுவதற்கு அதிக ஆற்றலைச் செலவிடுவதால் மேலும் சூடாகும். சூடு எல்லை மீறினால் கைபேசி தானாகவே வேகத்தைக் குறைக்கும், சிலவேளை ஹாட்ஸ்பாட்டை நிறுத்தியும்விடும். உறையைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பழைய 4ஜி கைபேசி ஏதேனும் இருந்தால், சிம்மை அதில் போட்டு அதையே இந்த வேலைக்கென்று ஒதுக்கிவிடலாம்.

சிம் வாங்கும் முன் எந்த நிறுவனத்தின் கோபுரம் உங்கள் ஊருக்கு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். அக்கம்பக்கத்தாரின் கைபேசிகளிலும் இதே எண்ணைப் பார்த்து ஒப்பிட்டால், அரை மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும். விளம்பரத்தைவிட அந்த எண்ணை நம்பலாம்.

கேள்வி: இணையவழிக் கூட்டத்தில் இருக்கும்போது கைபேசிக்கு அழைப்பு வந்தால் மடிக்கணினியில் இணையம் நின்றுவிடுகிறது. என் கைபேசியில் இரண்டு சிம்கள் இருக்கின்றன.
*– தனியார் நிறுவன ஊழியர், வில்லாபுரம், மதுரை*

பதில்: அழைப்பு எந்த சிம்மில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். இணையம் வரும் அதே சிம்மில் அழைப்பு வந்து இணைப்பு நின்றால், அந்த சிம்முக்கு 4ஜி வழியாகவே பேச உதவும் ‘வோல்ட்டி’ வசதி அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வோல்ட்டி இல்லாதபோது, பேசுவதற்காகக் கைபேசி 4ஜியை விட்டுப் பழைய வலைப்பின்னலுக்கு இறங்கிவிடுகிறது. இணையமும் அதோடு விழுந்துவிடுகிறது. சிம் அமைப்பில் வோல்ட்டியை இயக்கினால், பேச்சும் இணையமும் ஒருசேர நடக்கும்.

அழைப்பு இன்னொரு சிம்மில் வந்தால் கதை வேறு. பெரும்பாலான இரட்டை சிம் கைபேசிகள் இரண்டு சிம்களையும் விழித்திருக்கச் செய்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் முழுமையாக ஈடுபடும். இரண்டாவது சிம்மில் நீங்கள் பேசத் தொடங்கியதும் முதல் சிம்மின் டேட்டா நிறுத்தி வைக்கப்படுகிறது. புதிய கைபேசிகளில் அழைப்பு நேரத்தில் மட்டும் டேட்டாவை மற்ற சிம்முக்கு மாற்றும் வசதி இருக்கிறது; ஆனால் அந்த சிம்மிலும் டேட்டா திட்டம் இருந்தால்தான் பயன். அதைவிட எளிய வழி, அலுவலக அழைப்புகள் எந்த எண்ணுக்கு வருகின்றனவோ அந்த சிம்மையே டேட்டா சிம்மாக வைத்துக்கொள்வது.

கேள்வி: நான் தேநீர்க் கடை வைத்திருக்கிறேன். வெளியூர்ப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் கொஞ்ச நேரம் நெட் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு ஹாட்ஸ்பாட் கொடுக்கலாமா?
*– கடைக்காரர், மாட்டுத்தாவணி, மதுரை*

பதில்: அவசரத்தில் இருக்கும் ஒருவருக்கு டிக்கெட்டைக் காட்டும் அளவுக்கு உதவுவது நல்ல மனத்தின் அடையாளம், அதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது வேறு. தனிநபர் பயன்பாட்டுக்காகத் தரப்படும் சிம்மின் டேட்டாவை மறுவிற்பனை செய்வதற்குச் சேவை நிறுவனங்களின் நிபந்தனைகள் இடம் தருவதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைபவர் இணையத்தில் என்ன செய்தாலும், வெளியுலகுக்கு அது உங்கள் சிம்மிலிருந்து சென்றதாகவே பதிவாகும். அவர் யாரையாவது மிரட்டினாலோ பண மோசடி செய்தாலோ, விசாரணை முதலில் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில்தான். அதற்குள் அவர் பேருந்தில் ஏறிப் போயிருப்பார். யார் எவர் என்று நிரூபிக்க உங்களிடம் எந்தக் குறிப்பும் இருக்காது.

இதை ஒரு தொழிலாகவே செய்ய விரும்பினால் முறையான வழி இருக்கிறது. ‘பிஎம்-வாணி’ என்ற பொது வைஃபை திட்டத்துக்கு 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தேநீர்க் கடை, மளிகைக் கடை போன்ற சிறு கடைக்காரர்களை மனத்தில் கொண்டே அது வகுக்கப்பட்டது. இத்திட்டத்தில் கடைக்காரர் பொதுத் தரவு அலுவலகம் என்ற நிலையில் செயல்படுவார். அதற்கு உரிமமோ பதிவுக் கட்டணமோ தேவையில்லை. பிராட்பேண்ட் இணைப்பும் அதற்கேற்ற வைஃபை கருவியும் வைத்து, இதற்கென்று பதிவு செய்துள்ள ஒருங்கிணைப்பு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்துகொள்ள வேண்டும். பயன்படுத்துபவர் ஒரு செயலியின் மூலம் தன்னை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே இணைய முடியும் என்பதால், மேலே சொன்ன ஆபத்து உங்கள் தலையில் விழாது. இத்தனை எளிதான ஏற்பாடு பற்றிச் சிறு கடைக்காரர்களிடம் இன்னும் பரவலாக எடுத்துச் சொல்லப்பட வேண்டும்.

கேள்வி: சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று எங்கள் கடையில் கார்டு தேய்க்கும் இயந்திரத்தைக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்தோம். சிக்னல் கோடுகள் முழுமையாக இருந்தும் பணப் பரிமாற்றம் நடக்கவில்லை. ஹாட்ஸ்பாட்டில் கோளாறா?
*– சுங்குடிச் சேலை வியாபாரி, மதுரை*

பதில்: கோளாறு ஹாட்ஸ்பாட்டில் இல்லை. சிக்னல் கோடு என்பது கோபுரத்தின் குரல் உங்கள் கைபேசிக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். அந்தக் கோபுரம் அந்த நேரத்தில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டாது. ஒரு கோபுரத்தின் மொத்தக் கொள்ளளவும் அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லாருக்கும் பொதுவானது. வைகைக் கரையில் லட்சக்கணக்கானவர்கள் கூடி, அவர்களில் பெரும்பாலோர் அதே நேரத்தில் காணொளி எடுத்து அனுப்பும்போது, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு மிகச் சிறியதாகிவிடுகிறது.

அன்றைய தினத்துக்கு இரண்டு முன்னேற்பாடுகள் போதும். உங்கள் சிம் எந்த நிறுவனத்தினுடையதோ அது அல்லாத வேறொரு நிறுவனத்தின் சிம்மையும் கைபேசியில் வைத்து, அதிலும் டேட்டா திட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எல்லா நிறுவனங்களின் கோபுரங்களும் ஒரே அளவில் திணறுவதில்லை. கடையில் கம்பிவழி பிராட்பேண்ட் இருந்தால் இயந்திரத்தை அன்று அதோடு இணைத்துவிடுங்கள். அதற்குத் திருவிழாக் கூட்டம் ஒரு பொருட்டன்று. பரிமாற்றம் பாதியில் நின்றால், வாடிக்கையாளரின் கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடியும் கார்டைத் தேய்க்க வேண்டாம்.

கேள்வி: விடுதியில் தங்கியிருக்கிறேன். ஹாட்ஸ்பாட்டை இயக்கினால் என் முழுப்பெயர் எல்லாருடைய கைபேசியிலும் தெரிகிறது. ஒருமுறை தோழிக்குக் கொடுத்த கடவுச்சொல் இப்போது பலருக்குத் தெரிந்திருக்கிறது.
*– செவிலியர் மாணவி, மதுரை*

பதில்: இரண்டையும் இன்றே மாற்றிவிடுங்கள். கைபேசியை முதன்முதலாக அமைக்கும்போது நாம் கொடுக்கும் பெயர் ஹாட்ஸ்பாட்டின் பெயராகவும் அமைந்துவிடுவது உண்டு. உங்கள் அறை இருக்கும் தளத்தில் உள்ள யாரும், கீழே தெருவில் நிற்பவரும்கூட, அதைப் பார்க்க முடியும். உங்களை அடையாளம் காட்டாத ஏதேனும் ஒரு பெயரை வையுங்கள். பூவின் பெயரோ ஊரின் பெயரோ இருக்கட்டும். கைபேசி எண்ணையோ அறை எண்ணையோ வைக்காதீர்கள். ஐஃபோனில் கைபேசியின் பெயரே ஹாட்ஸ்பாட்டின் பெயர் என்பதால், ‘அபவுட்’ பகுதிக்குச் சென்று அதை மாற்ற வேண்டும்.

கடவுச்சொல் குறைந்தது எட்டு எழுத்துகள் இருக்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுமாறு நான் சொல்வேன். பிறந்த தேதியும் கைபேசி எண்ணும் தோழியரே ஊகித்துவிடக் கூடியவை. கடவுச்சொல்லை மாற்றிய அந்தக் கணத்திலேயே பழையதை வைத்திருப்பவர்கள் அனைவரும் வெளியேற்றப்படுவார்கள். அதன்பின் யாருக்காவது தர வேண்டியிருந்தால் கொடுத்து, வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை, உங்கள் பெற்றோர் கட்டும் பணம் அது. பலருடைய கைபேசிகளில், யாரும் இணைந்திராதபோது ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடும் வசதியும் இருக்கிறது. அதை இயக்கி வைத்தால், மறந்துபோய் இரவெல்லாம் திறந்து கிடக்காது.

பிறருடைய ஹாட்ஸ்பாட்டில் உங்கள் மடிக்கணினியை இணைக்கும்போது, விண்டோஸில் அந்த இணைப்பை ‘பப்ளிக் நெட்வொர்க்’ என்று குறித்துவிடுங்கள். அதே ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் மற்றவர்களின் கணினிகளுக்கு உங்கள் கணினி தெரியாமல் இருக்கும்.

கேள்வி: என் ஐஃபோனின் ஹாட்ஸ்பாட் மடிக்கணினியில் சில நேரம் தெரிகிறது, சில நேரம் மறைந்துவிடுகிறது.
*– வழக்கறிஞர், வாடிப்பட்டி*

பதில்: யாரும் இணையாவிட்டால் ஐஃபோன் சிறிது நேரத்தில் ஹாட்ஸ்பாட்டை மறைத்துக்கொள்ளும். ‘பர்சனல் ஹாட்ஸ்பாட்’ பக்கத்தைத் திறந்து ‘அலோ அதர்ஸ் டு ஜாயின்’ என்பதை இயக்கி, மடிக்கணினி இணையும் வரை அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருங்கள். ஐஃபோன் 12 முதல் வந்தவற்றில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்பதையும் இயக்கினால், 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாத பழைய மடிக்கணினிகளும் இணைந்துகொள்ளும்.

கேள்வி: தென்னந்தோப்பில் தேங்காய் திருட்டு அதிகமாக இருக்கிறது. பழைய கைபேசியில் சிம் போட்டு ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அதில் ஒரு வைஃபை கேமராவை இணைத்து, வீட்டிலிருந்தே பார்க்கலாமா?
*– தோப்பு உரிமையாளர், சோழவந்தான்*

பதில்: சில நாள்களுக்குச் சோதித்துப் பார்க்கலாம்; நிரந்தர ஏற்பாடாக வைக்க வேண்டாம். கேமரா ஓயாமல் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தால், நொடிக்கு 1 மெகாபிட் என்ற குறைந்த அளவில்கூட ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி, ஒரு நாளைக்கு 10 ஜிபிக்கு மேல் ஆகும். எந்தத் தினசரித் திட்டமும் அதற்குத் தாங்காது. கேமராவுக்குள் மெமரி கார்டு போட்டு, அசைவு தெரியும்போது மட்டும் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பும்படி அமைத்தால் டேட்டா செலவு வெகுவாகக் குறையும்.

கைபேசியை வைத்து இதைச் செய்வதில் எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் பேட்டரியைப் பற்றியது. பூட்டிய மோட்டார் அறைக்குள், சித்திரை வைகாசி வெயிலில், இரவு பகலாகச் சார்ஜிலேயே கிடக்கும் பழைய கைபேசியின் பேட்டரி உப்பிவிடும்; தீப்பிடிக்கவும் கூடும். மின்சாரம் போய் வந்த பிறகு ஹாட்ஸ்பாட் தானாக மறுபடி இயங்கும் என்பதற்கும் உறுதியில்லை, அதை இயக்குவதற்காகவே நீங்கள் தோப்புக்குப் போக வேண்டியிருக்கும். சிம் போடும் வசதி உள்ள 4ஜி ரவுட்டரோ, சிம்மை நேரடியாக ஏற்கும் கேமராவோ கடைகளில் கிடைக்கிறது. மின்சாரம் வந்ததும் அவை தாமாகவே இணைந்துகொள்ளும். வாங்கும் முன், நீங்கள் போடப்போகும் சிம்முக்குத் தோப்பில் கேமரா வைக்கும் இடத்தில் சிக்னல் எவ்வளவு என்று, சாப்டூர் விவசாயிக்குச் சொன்ன முறைப்படி உங்கள் கைபேசியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எண் −110ஐத் தாண்டியிருந்தால் கேமராவை மோட்டார் அறையின் கூரைக்கு மேல் உயர்த்தி வைக்க முடியுமா என்று பாருங்கள், அல்லது வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டு மறுபடி பாருங்கள்.